நேயாவுக்கும் அல்லிக்கும் நடுவே

கோடு சிவப்பாக மாறிய செய்தி வந்தபோது தர்ஷணா ஒரு பம்ப்பின் இரும்புக் கூட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியில் பதினோரு வருடமாக அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. எந்திரம் படம் பிடித்து 'தேறியது' என்று தள்ளிவிட்ட கூட்டைக்கூட அவள் ஒரு தட்டுத் தட்டித்தான் அனுப்புவாள். வார்ப்புக்குள்ளே காற்றுக்குமிழ் ஒளிந்திருந்தால் ஓசை மழுங்கிக் கேட்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டாவது அப்படி அகப்படும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கைப்பேசியில் வந்த செய்தி இதுதான்: 'நேயா – அல்லி. இந்த நட்பு தொடர்ந்தால் ஒரு குழந்தைக்குப் பாதிப்பு நேர வாய்ப்பு, நூற்றுக்கு எண்பத்தொன்று.'

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தாள். அல்லி. அப்படி ஒரு பெயரை நேயா வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

நேயா அவளுடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. நேயாவின் பள்ளியில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளே மணிக்கட்டில் 'இணக்கம்' பட்டையைக் கட்டிவிடுவார்கள். பிள்ளைகளைப் பிள்ளைகளே வதைத்த செய்திகள் வரிசையாக வந்த ஒரு காலத்தில் பெற்றோரே மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. வீட்டிலும் கழற்றக் கூடாது. யார் யாருடன் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், அப்போது நாடி எப்படித் துடிக்கிறது, குரல் எப்படி மாறுகிறது என்று பட்டை பார்த்துக்கொண்டே இருக்கும். பெற்றோரின் கைப்பேசியில் குழந்தைகள் புள்ளிகளாகத் தெரிவார்கள். நட்பானவர்களுக்கு நடுவில் கோடு விழும். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம். சிவப்பை இதுவரை தர்ஷணா பார்த்ததில்லை.

மூன்றே முக்காலுக்குப் பள்ளி வாசலில் இருந்து நேயாவை ஸ்கூட்டரில் ஏற்றி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பால் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, அன்றாடம் கேட்பதைக் கேட்டாள்.

"இன்னிக்கு யார்கூட உக்காந்தே, பாப்பா?"

"மித்ராகூட."

"மத்தியானம் சாப்பிடறப்ப?"

"மித்ராகூடத்தான்."

"வெளையாடறப்ப?"

"எல்லாரோடயும்மா."

நேயா டம்ளரின் விளிம்பைப் பார்த்தபடி தயங்காமல் சொன்னாள். தர்ஷணா கைப்பேசியைத் திறந்தாள். மித்ராவின் புள்ளி அன்று பள்ளியிலேயே இல்லை. அம்மை போட்டு நான்கு நாளாக லீவு என்று மித்ராவின் அம்மா பெற்றோர் குழுவில் எழுதியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேயாவின் புள்ளிக்குப் பக்கத்தில் மத்தியானம் நாற்பது நிமிடம் இருந்தது அல்லிதான்.

ஏழு வயதுக் குழந்தை இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறது. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

கணவன் கவின் நூல் மில்களில் எந்திரம் பழுது பார்க்கப் போகிறவன். வாரத்தில் மூன்று நாள் ஈரோடு, திருப்பூர் என்று வெளியூரில் இருப்பான். போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"சின்னப் புள்ளைங்க, தர்ஷி. நாளைக்கே சண்டை போட்டுப் பிரிஞ்சிரும்."

"எண்பத்தொண்ணு போட்டிருக்காங்க."

"எண்பத்தொண்ணா?" அவன் குரல் இறங்கியது. "அந்தப் புள்ள யாரு? அவங்கப்பா என்ன பண்றாரு?"

"அதத்தான் பாக்கணும்."

மகளிடம் அவள் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் பத்திரமாக மறைப்பாள் என்று தோன்றியது. அதனால் கவனித்தாள். ஒரு நாள் முட்டியில் சிராய்ப்பு இருந்தது. விழுந்துட்டேன் என்றாள் நேயா. இன்னொரு நாள் தின்பண்ட டப்பாவின் மூலையில் வெல்லம் கலந்த கம்பு மாவு ஒட்டியிருந்தது. தர்ஷணா கொடுத்தனுப்பியது பிஸ்கட். வெள்ளிக்கிழமை, பொம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டே நேயா அதனிடம் சொன்னாள்: "இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா எல்லாம் போயிரும்." கதவுக்கு இந்தப் பக்கம் தர்ஷணாவின் கையில் இருந்த துணி பாதி மடிப்பிலேயே நின்றது.

விசாரித்ததில், அல்லி அந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்ந்தவள் என்று தெரிந்தது. அம்மா பூவிழி, சரவணம்பட்டியில் இருந்து காந்திபுரம் போகிற நகரப் பேருந்தின் டிரைவர். அப்பாவைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே தர்ஷணாவுக்கு ஒரு தகவலாகப் பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கவின் ஊரில் இருந்தான். நேயாவை அழைத்துவரும் பொறுப்பை அவனிடம் விட்டுவிட்டு, தர்ஷணா நான்கு மணிக்கு அந்தப் பேருந்தில் ஏறினாள்.

டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி, மடியில் பையை வைத்து அதன்மேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. அம்மாவின் வேலை முடியும்வரை பேருந்திலேயே போய்ப் போய் வருவாள் போலிருந்தது. தர்ஷணா பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறுமி நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க நேயா அம்மாதானே?"

தர்ஷணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அவளோட மூக்குதான் உங்களுக்கும்." அல்லி பேனாவை மூடினாள். "நேயா பிஸ்கட்ட நான் சாப்பிட்டுருவேன். எங்கம்மா குடுக்கற கம்பு உருண்டைய அவ சாப்பிடுவா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னா. நான் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு, தப்புச் செய்துவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேற என்ன சொல்லக் கூடாதுன்னு சொன்னா?"

"நாங்க ஒரு ஊரு வெச்சிருக்கோம். வேப்பமரத்துக்குப் பின்னாடி. மண்ணுல. அதயும் சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னு நீ சொன்னியா, அவ சொன்னாளா?"

"அவதான்."

உடனே அடுத்தவள் தலையில் போடுகிறாளே என்று தர்ஷணா நினைத்தாள். கேட்காமலே இவ்வளவும் கொட்டுகிற குழந்தை உண்மையில் எதையோ மூடப் பார்க்கிறது என்று அவளுக்கு உறுதியாகப்பட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பூவிழி மேல்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள். "ஆரு கண்ணு அது?" என்று கேட்டாள். அல்லி பதில் சொல்வதற்குள் தர்ஷணா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

மறுநாள் பள்ளியின் ஆலோசகர் மெர்லின் மிஸ்ஸைப் பார்த்தாள்.

"சிவப்பு வந்தா ரெண்டு பக்கப் பெற்றோருக்கும் தகவல் போயிரும் மேடம்," என்றாள் மெர்லின். "ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுதிக் கேட்டாப் போதும், செக்‌ஷன் மாத்திருவோம். ஆனா ஒரு பத்து நாள் பொறுத்துப் பாக்கலாமே? விவர அறிக்கை கேட்டு வாங்கிப் படிச்சுட்டு..."

"பத்து நாள்ல என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

மெர்லின் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பள்ளியிடமும் பதில் இருப்பதில்லை. "யாரை மாத்தறது? நேயாவையா?"

"அவ எதுக்கு மாறணும்? அந்தப் புள்ளைய மாத்துங்க."

தர்ஷணா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். விவர அறிக்கைக்கும் சேர்த்து விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை அல்லி பி செக்‌ஷனுக்குப் போனாள். அது மைதானத்துக்கு அந்தப் பக்கக் கட்டடம். சாப்பாட்டு நேரமும் வேறு.

நேயா அழவில்லை. அதுதான் தர்ஷணாவை முதலில் நிம்மதிப்படுத்தியது, பிறகு உறுத்தியது. அழுவாள், அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்து, என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். நேயா பால் குடித்தாள், வீட்டுப்பாடம் எழுதினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மித்ரா திரும்பி வந்திருந்தாள். இப்போது மித்ராவோடு உட்கார்ந்தேன் என்றால் கைப்பேசியும் அதையே சொன்னது. திரையில் எல்லாக் கோடுகளும் பச்சை.

"பாரு, சரியாப் போச்சு," என்றான் கவின்.

"ம்," என்றாள் அவள். தேறியது என்று வந்த கூட்டைத் தட்டினால் மழுங்கிக் கேட்பதுபோல் இருந்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் பள்ளிப்பை முழுவதையும் தரையில் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நேயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சில்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள்.

செப்டம்பர் கடைசியில் விவர அறிக்கை தயார் என்று அழைப்பு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில், கம்பெனியின் காலிச் சந்திப்பு அறையில் உட்கார்ந்து தர்ஷணா திரையைத் திறந்தாள். பட்டை நிறுவனத்தில் இருந்து பேசியவன் பெயர் இளம்பரிதி. வயது முப்பதுக்குள் இருக்கும். மிகவும் பணிவாகப் பேசினான்.

"மேடம், முதல்லயே சொல்லிடறேன். பட்டை பேச்சைப் பதிவு பண்ணாது. என்ன பேசுனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. பேசறப்ப குரல் எப்படி இறுகுது, நாடி எப்ப எகிறுது, கை எப்ப வேர்க்குது, இவ்வளவுதான் தெரியும். அத வெச்சு, குழந்தை எப்பல்லாம் எதையாவது மறைச்சுப் பேசுதுன்னு ஓரளவு சொல்லலாம்."

"சொல்லுங்க."

"நேயா ஒரு நாளைக்குச் சராசரியா ஏழு தடவை மறைச்சுப் பேசறாங்க. இந்த வயசுல ஒண்ணு ரெண்டு சகஜம்."

தர்ஷணாவுக்கு ஒருவிதத் திருப்தி வந்தது. நினைத்தது சரியாக இருக்கிறது என்பதில் வருகிற கசப்பான திருப்தி. "அந்தப் புள்ளகூடச் சேந்து கத்துக்கிட்டதுதானே?"

இளம்பரிதி தன் முன்னால் இருந்ததைப் பார்த்தான். "இல்லைங்க மேடம். அல்லி சேந்தது இந்த ஜூன்ல. இது போன வருஷம் ஜனவரியிலயே ஆரம்பிச்சிருக்கு."

"ஜனவரியிலயா?"

"ஆமாங்க. அதுவும் வார நாள்ல, சாயங்காலம் நாலே கால்ல இருந்து நாலே முக்காலுக்குள்ள. சனி, ஞாயிறு கம்மி. அந்த நேரத்துல பாப்பா எங்க இருப்பாங்க? டியூஷன், பாட்டு வகுப்பு மாதிரி ஏதாவதுங்களா? அங்க யாராவது அவங்கள மிரட்டற மாதிரி..."

அறைக்கு வெளியே யாரோ டிபன் கேரியரைக் கழுவும் சத்தம் கேட்டது. தர்ஷணா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம்?"

"என்கூடத்தான் இருப்பா."



போன வருடம் ஜனவரியில்தான் நேயாவுக்கு முதல் மஞ்சள் கோடு விழுந்தது. ஏதோ ஒரு பையனோடு. பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை. அன்று முதல்தான் தர்ஷணா தினமும் பாலை வைத்துவிட்டு எதிரே உட்காரத் தொடங்கினாள். யார்கூட உக்காந்தே, என்ன பேசினே, அவ எதுக்கு அப்படிச் சொன்னா. மித்ரா என்று சொன்னால் அம்மா அதோடு விட்டுவிடுவாள் என்பதை ஒரு குழந்தை கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகியிருக்கும்?

"அல்லிகூட இருக்கறப்ப எப்படி இருந்தா?"

"அந்த நாப்பது நிமிஷத்துல ஒண்ணுகூட இல்லைங்க. ஒரு நாள்கூட."

"அப்ப எதுக்குச் செவப்பு காட்டுச்சு?" அவள் குரல் உயர்ந்தது.

"மறைக்கப் பழகின ஒரு குழந்தையும், மறைக்கவே தெரியாத ஒரு குழந்தையும் நெருங்கிப் பழகினா, ரெண்டு மூணு வருஷத்துல அந்த ரெண்டாவது குழந்தைக்குக் காயம் படும்னு எங்க கணிப்பு சொல்லுது. 'ஒரு குழந்தைக்குப் பாதிப்பு'ன்னு வந்துச்சுல்லங்க..."

"அது அல்லிக்கு."

"ஆமாங்க மேடம். கோடு ரெண்டு பேருக்கும் பொதுதானுங்களே. யாரால யாருக்குன்னு முதல் தகவல்ல போட மாட்டோம். போட்டா வீடுகளுக்குள்ள சண்டை வந்துருது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "பொதுவா எல்லாருமே, அடுத்த குழந்தைதான் காரணம்னு எடுத்துக்கறாங்க."

அன்று மீதி நேரம் தர்ஷணா எத்தனை கூட்டைத் தட்டினாள், எதைத் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது.

பூவிழியைப் பார்க்கப் போவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் காலை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு டெப்போவுக்குப் போனாள். பூவிழி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேருந்தின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம். காக்கிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்திருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அன்னிக்குப் பாதியில எறங்கிட்டீங்களே, அந்தம்மாதானுங்க நீங்க? நேயா அம்மா."

"ஆமாங்க."

"உக்காருங்க." தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். ஆனால் முகம் இளகவில்லை. "மறுபடி வேவு பாக்க வந்தீங்களா?"

தர்ஷணா உட்காரவில்லை. "அந்தச் செவப்புக் கோடு... அதுக்குக் காரணம் அல்லி இல்லைங்க. எங்க பாப்பா. எனக்கு இப்பத்தான் தெரியும்."

"எனக்கு ஆகஸ்ட்லயே தெரியுமுங்க."

"எப்படி?"

"உங்களுக்கு வந்த அன்னிக்கே எனக்கும் வந்துச்சு. நானும் பயந்துதான் போனேன். ஆரு வீட்டுப் புள்ளையோ, என்ற புள்ளைய என்ன பண்ணுதோன்னு. எங்க அக்கா மகன் இந்தப் பட்டைக் கம்பெனியிலதான் இருக்கான். சீக்கிரமா அறிக்கை வாங்கிக் குடுத்தான். அல்லி மேல ஒண்ணுமில்ல, ஏமாறப்போறது அவதான்னு போட்டிருந்துச்சு." டீயின் கடைசி மடக்கைக் குடித்தாள். "உங்க புள்ள பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் ஏன் நீங்க பிரிக்கல?"

"பிரிக்கலாம்னுதான் இருந்தேன். நான் ஒண்ணும் பெரிய மனசுக்காரி இல்லீங்க. படிவம் எழுதிக் குடுக்கப் போலாம்னா ரெண்டு வாரமா எனக்கு டூட்டி மாறவே இல்ல." லேசாகச் சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது. "அதுக்குள்ள அல்லிகிட்டக் கேட்டேன். ஏன் கண்ணு, அந்தப் புள்ள உன்கிட்டப் பொய் சொல்லுமான்னு. 'இல்லம்மா, அவ என்கிட்ட மட்டும்தான் பேசுவா, மத்த எடத்துல எல்லாம் பதில் சொல்லுவா'ன்னா. ஏழு வயசுப் புள்ள சொல்றா. எனக்குச் சோறு எறங்கல. வீட்டுல வாயைத் தொறக்கப் பயப்படற ஒரு புள்ளைக்கு வாயைத் தொறக்க ஒரே ஒரு எடம் இருக்குன்னா, அத நான் போய் அடைக்கணுமா? அடிபட்டா அல்லிக்குப் பட்டுட்டுப் போகட்டும், பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

தர்ஷணா படியில் அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.

"அடிபட்டுச்சுதான்," என்றாள் பூவிழி. "ஆனா உங்க புள்ளையால இல்ல. ஒரு வார்த்தை என்கிட்டக் கேக்காம செக்‌ஷன் மாத்தி, என்ற புள்ள ஒன்பது நாளு அழுதா. நான் என்னம்மா தப்புப் பண்ணேன்னு கேட்டா. என்னன்னுங்க சொல்லட்டும்?"

தர்ஷணா மன்னிப்புக் கேட்டாள். பூவிழி கேட்டுக்கொண்டாள், பரவாயில்லை என்று சொல்லவில்லை. சார்ஜ் ஏறி முடிந்ததற்கான மணி அடித்ததும் எழுந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். "ஞாயித்துக்கிழமை குளக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிட்டு வருவேன். வேணும்னா நேயாவ அழைச்சுட்டு வாங்க. அதுங்களுக்குள்ள பேசிக்கட்டும்."

அன்று சாயங்காலம் தர்ஷணா பால் கொடுத்தாள், ஆனால் எதிரே உட்காரவில்லை. நேயா கேள்விக்காகக் காத்திருந்தாள். கேள்வி வராததால் தானாகவே, "மித்ராகூட உக்காந்தேன்," என்றாள். தர்ஷணா அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கவினும் வந்தான். குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அல்லி இருந்தாள். அவளோடு இன்னொரு சிறுமி, பி செக்‌ஷன் ஷஹானா. இருவரும் ஈர மண்ணைக் குழைத்து எதையோ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேயா நான்கடி தள்ளி நின்றுவிட்டாள். அல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைய ஏன் மாத்தச் சொன்னே?" என்று நேராகக் கேட்டாள். "மிஸ் சொன்னாங்க, உங்க வீட்ல இருந்து எழுதிக் குடுத்தாங்கன்னு. நீதான் சொன்னியா?"

இப்போது நேயா சொல்லிவிடுவாள், எங்கம்மாதான் என்று கையை நீட்டிக் காட்டிவிடுவாள் என்று தர்ஷணா நினைத்தாள். அப்படிச் செய்தால் தேவலை என்றுகூட இருந்தது.

நேயா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு அல்லியிடம் சொன்னாள்: "ஆமா. நான்தான் சொன்னேன்."

"நேயா!" என்றாள் தர்ஷணா. மண்ணில் மண்டியிட்டு அல்லியின் முகத்துக்கு நேரே வந்தாள். "அவ இல்ல, தங்கம். நான்தான் எழுதிக் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. தப்பு என்மேல."

அல்லி அவளையும் நேயாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப இவ ஏன் என்கிட்டப் பொய் சொல்றா?"

பெஞ்சில் ஷஹானாவின் அப்பாவோடு உட்கார்ந்திருந்த பூவிழி எழுந்து நின்றாள். அல்லியிடம் நேயா சொன்ன முதல் பொய் அது. அம்மாவுக்காகச் சொன்னது.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அல்லி சற்று யோசித்துவிட்டு, "நீயும் வேணா வெளையாடு," என்று மண்ணில் இடம் காட்டினாள். நேயா உட்கார்ந்து கொஞ்ச நேரம் விளையாடினாள். ஆனால் அது ஷஹானாவும் அல்லியும் கட்டிய வேறு ஊர். அதன் தெருக்களுக்கு அவர்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். அரைமணி நேரத்தில் நேயா எழுந்து வந்து கவினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமா, பாப்பா? நான் அல்லிகிட்டப் பேசறேன், அவங்கம்மாகிட்டயும் பேசறேன்," என்றாள் தர்ஷணா.

"வேண்டாம்மா," என்றாள் நேயா. "அவளுக்கு வேற ஆள் கெடச்சாச்சு."

கோபமோ அழுகையோ இல்லாமல் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது மட்டும் தர்ஷணாவுக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பட்டையும் தேவைப்படவில்லை.

பட்டையைக் கழற்ற வேண்டும் என்று அந்த வாரமே எழுதிக் கொடுத்தாள். விபத்து நடந்தால் பள்ளி பொறுப்பேற்காது என்ற வரிக்குக் கீழே கவினும் கையெழுத்துப் போட்டான். பேனாவை வைத்த பிறகும் அவன், "சரிதானா தர்ஷி?" என்று கேட்டான். "தெரியல," என்றாள். பெற்றோர் குழுவில் இதை யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. ஆனால் பட்டை இல்லாத குழந்தையோடு பழகினால் தங்கள் திரையில் ஒன்றும் தெரியாது என்பதால், சில வீடுகளில் நேயாவைப் பிறந்தநாளுக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மித்ராவின் வீடும் அதில் ஒன்று.

நேயாவின் மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் சில மாதம் வெளுத்துக் கிடந்தது. தர்ஷணா சாயங்காலங்களில் எதையும் கேட்பதில்லை. சும்மா இருப்பது அவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்கு முன்பு தெரியாது. கேட்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் உள்ளே சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. யாராவது அடிக்கிறார்களா, ஒதுக்குகிறார்களா, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளா. நாக்கைக் கடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள்.

மூன்றாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த நேயா தனக்குத்தானே சிரித்தாள். பிறகு மறுபடியும் சிரித்தாள். சிக்னலில் வண்டி நின்றது.

"அம்மா, எனக்குப் புதுசா ஒரு ஃப்ரெண்டு."

"அப்படியா!" என்றாள் தர்ஷணா. 'யாரு?' என்பது உதடு வரை வந்துவிட்டது.

"பேரு சொல்ல மாட்டேன்."

கேட்ட காலத்தில் எத்தனையோ பெயர்களைத் தயங்காமல் சொன்ன குழந்தை. தர்ஷணா பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"சரி கண்ணு," என்றாள்.

"கோவமா?"

"இல்ல."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்து இரண்டு சின்னக் கைகள் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன.

மறுநாள் தர்ஷணா வழக்கமாக நிற்கும் வாசலை விட்டு, பள்ளியின் அந்தப் பக்கச் சுவரோரமாக, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஸ்கூட்டரை நிறுத்தினாள். மணி அடித்தது. குழந்தைகளின் இரைச்சல் நெருங்கி வந்தது. திரும்பக் கூடாது என்று தீர்மானித்திருந்தாள். ஒரே ஒரு தடவை மட்டும் வண்டியின் கண்ணாடியில் பார்த்தாள். நேயா நாலைந்து பேரோடு பேசிச் சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவர்களில் யார் என்று தெரியவில்லை. தர்ஷணா கையால் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுக் காத்திருந்தாள்.